கொட்டியும் குரொய்ட்ஸ்பசாரும்: ‘ட்ராகன்ஃபால்’ விளையாட்டோடு பதினொரு வருடம்

நான் பிறந்தது பேர்லினில், குரொய்ட்ஸ்பேர்க்கில். கொட்புசர் தோர் நிலையத்திலிருந்து எங்கள் வீடு ஐந்து நிமிட நடை. அந்த இடத்தை இங்கே இருக்கிறவர்கள் ‘கொட்டி’ என்றுதான் சொல்வோம். 2014 பெப்ரவரியில் ஒரு நண்பன் போன் எடுத்து, “டேய், உன்ர குரொய்ட்ஸ்பேர்க்கை வச்சு ஒரு கேம் வந்திருக்கு, ரோட்டில ட்ரோல் எல்லாம் நிக்குது” என்றான். அன்றிரவே வாங்கிவிட்டேன். இதுவரை ஐந்து தடவை முழுதாக முடித்திருக்கிறேன், இப்போது ஆறாவது நடக்கிறது. புதிதாக வந்தபோது எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். இவ்வளவு காலம் போனதில் என் கருத்து இரண்டு தடவையாவது மாறிவிட்டது.

விளையாட்டின் பெயர் ‘ஷடோரன்: ட்ராகன்ஃபால்’. ஷடோரன் உலகம் 1989-இல் பகடை உருட்டி, ஆட்கள் சுற்றியிருந்து கதை சொல்லி ஆடும் விளையாட்டாகத்தான் முதலில் வந்தது. அந்த எதிர்காலத்தில் பெரிய கம்பனிகள் நாடுகளை விடப் பலமானவை. மனிதர் உடம்பில் இயந்திரக் கை, இயந்திரக் கண் பொருத்திக்கொள்கிறார்கள். அதோடு மந்திரமும் திரும்பி வந்துவிட்டது. ஐரோப்பியப் பழங்கதைகளில் வரும் எல்ஃப், ஓர்க், ட்ரோல் எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரர்கள். இந்த உலகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோர்டன் வைஸ்மன் 2012-இல் தன் ஹேர்பிரெய்ன்ட் ஸ்கீம்ஸ் குழுவோடு, பொதுமக்களிடம் காசு சேர்க்கும் கிக்ஸ்டார்ட்டர் இணையத்தளத்தில் காசு கேட்டபோது பதினெட்டு லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. 2013-இல் வந்த முதல் கதை சியாட்டிலில் நடந்தது. இரண்டாவது கதை எந்த நகரத்தில் என்று காசு கொடுத்தவர்களிடமே வாக்குக் கேட்டார்கள். பேர்லின் வென்றது. எங்கேயோ இருக்கிற ஆயிரக்கணக்கான ஆட்கள் எங்கள் ஊரைப் பார்க்க வேண்டும் என்று கை தூக்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷமான விஷயம்.

முதல் இரவு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கதை நடப்பது 2054-இல். குரொய்ட்ஸ்பேர்க்கில் ‘குரொய்ட்ஸ்பசார்’ என்றொரு சின்னச் சந்தைப் பகுதி, அதுதான் உங்கள் வீடு. நான் திரையில் தேடியது என் கண்ணுக்குப் பழகிய சாமான்களை. கொட்டியில் இரும்புத் தூண்களின் மேல் தெருவுக்கு மேலே ஓடும் ரயில் பாதை இருக்கிறது. 1902-இல் போட்டது. அதன் கீழே மழைக்கு ஒதுங்கி நின்று வளர்ந்தவன் நான். குரொய்ட்ஸ்பசாரில் அது இல்லை. அடல்பேர்ட் தெருவின் குறுக்கே, தெருவையே தாண்டி வளைந்து நிற்கும் 1974-ஆம் ஆண்டுக் கொங்கிரீட் மாடிக் கட்டடம் இருக்கிறது. ஒன்றும் மாற்றாமல் அப்படியே வைத்தாலே சைபர்பங்க் படம் போல, இயந்திரமும் இருட்டும் நிறைந்த எதிர்கால நகரம் போல இருக்கும். அதுவும் இல்லை. லாண்ட்வேர் கால்வாய் இல்லை. இது எங்கள் ஊரே இல்லை, பெயரை மட்டும் எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

அடுத்த நாள் தொடர்ந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கதையின் தொடக்கத்திலேயே உங்கள் குழுவின் தலைவி மொனிக்கா இறந்துபோகிறாள். பேர்லினுக்கு வெளியே ஒரு பெரிய மாளிகைக்குள் திருடப் போன இடத்தில், கணினி வலையில் மூளையை இணைத்திருந்தபோது சாகிறாள். கடைசியாகச் சொல்லும் சொல் ‘ஃபொயர்ஷ்விங்க’. நெருப்புச் சிறகு என்று பொருள், கதைப்படி 2012-இல் ஜேர்மனியை எரித்த ட்ராகனின் பெயர். மீதிச் சொற்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க, இந்த ஒன்று மட்டும் நான் பள்ளிக்கூடத்தில் பேசிய பாஷையில் வந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆனால் என்னைப் பிடித்து இருத்தியது அதற்குப் பிறகு வரும் பகுதி. குரொய்ட்ஸ்பசாருக்குத் திரும்பி வருகிறீர்கள். அங்கே அரசாங்கம் இல்லை, பொலிஸ் இல்லை. சண்டை வந்தால் பேசித் தீர்ப்பதும், யாருக்கு என்ன குறை என்று கேட்பதும் மொனிக்காவாகத்தான் இருந்திருக்கிறாள். இப்போது அந்த வேலை உங்கள் தலையில். கோப்பிக் கடை அல்துக், வீடில்லாதவர்களுக்கு இடம் கொடுக்கும் சாமுவேல், மந்திரச் சாமான் விற்கும் அல்ஜெர்னன், உடம்பில் இயந்திரம் பொருத்திவிடும் டொக்டர் எஸ்கிபெல் என்று ஒவ்வொருவராகக் கண்டு கதைக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்குப் போய்த் திரும்பும்போதும் அவர்களிடம் சொல்லப் புதிதாக ஒன்று இருக்கும். முதல் தடவை அவசரத்தில் பாதிப் பேரிடம் கதைக்காமல் ஓடிவிட்டேன். இரண்டாம் தடவை ஒரு சுற்றுச் சுற்றி எல்லாரிடமும் சுகம் விசாரித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். எங்கள் அம்மா கடைக்குப் போனால் ஒரு பாண் வாங்க ஒரு மணித்தியாலம் எடுப்பது இதே காரணத்தால்தான்.

அல்துக்கின் கடைக்குப் பெயர் ‘ஜெஸ்வே’. நீளப் பிடி வைத்த சின்னச் செம்புப் பாத்திரம் அது, துருக்கிக்காரர் அதில்தான் கோப்பி காய்ச்சுவார்கள். அதை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் தெரு மூலையில் மரக்கறிக் கடை வைத்திருந்த துருக்கி ஐயாவை. அப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி கிடைக்காத காலம். அந்த ஐயா ஒரு கொப்பியில் எழுதிக் கடனுக்குச் சாமான் கொடுத்தார். அப்பாவின் பெயர் அவருக்கு வாயில் வரவில்லை, அதனால் ‘மிளகாய்’ என்று துருக்கியில் எழுதி வைத்திருந்தார் என்று அம்மா சொல்வா. மிளகாய் கேட்டு வந்த முதல் ஆள் அப்பாதானாம். தெருவின் வரைபடம் தப்பாக இருக்கலாம், ஆனால் இப்படி ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு வாழ்ந்ததை எழுதியவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

அப்பா வந்த கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றாவது தடவை விளையாடியபோது அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையம். பிறகு எஸ்-பான் என்ற நகர ரயில் ஏறி பிரீட்ரிக் தெரு நிலையத்தால் மேற்கு பேர்லின். மேற்குப் பக்கம் அந்த எல்லையை எல்லையாகவே ஏற்றுக்கொள்ளாததால் இறங்கும் இடத்தில் பாஸ்போர்ட் பார்க்க ஆள் இல்லை. 1985 நடுப்பகுதியில் எங்கள் ஆட்களுக்கு அந்த வழியை அடைத்துவிட்டார்கள். அதற்குக் கொஞ்சம் முந்தித்தான் அப்பா வந்து அசூல் அடித்து, அதாவது அகதித் தஞ்சம் கேட்டு, ஹைம் என்ற அகதி விடுதியில் தங்கி, பிறகு குரொய்ட்ஸ்பேர்க்குக்கு வந்தார். அப்போது குரொய்ட்ஸ்பேர்க்கை மூன்று பக்கமும் பேர்லின் மதில் சூழ்ந்திருந்தது. கொட்டியிலிருந்து வடக்கே போகும் எட்டாம் இலக்க ஊ-பான், அதாவது நிலத்தடி ரயில், கிழக்கு பேர்லினின் அடியால்தான் போகும். அங்குள்ள நிலையங்களில் நிற்காது. மங்கலான வெளிச்சத்தில் துவக்கோடு நிற்கும் காவலாளிகளைக் கடந்து மெதுவாக ஊர்ந்து போகும். அவற்றைப் பேய் நிலையம் என்பார்கள். ட்ராகன்ஃபாலில் ஒவ்வொரு வேலைக்கும் ஊ-பான் நிலையத்துக்குப் போய், வரைபடத்தில் இடத்தைத் தெரிந்து கிளம்ப வேண்டும். அந்த வரைபடம் திரையில் விரியும்போதெல்லாம் இருபத்தைந்து வயது அப்பா கண்ணாடியில் முகத்தை வைத்து இருட்டைப் பார்த்துக்கொண்டு போவதுதான் எனக்குத் தெரியும்.

சரி, விளையாடுவது எப்படி இருக்கும்? மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணம், ஆளுக்கு ஆள் முறை வைத்துச் சண்டை. ஒரு முறைக்கு இத்தனை செயல் என்று கணக்கு இருக்கும், மறைவில் நின்று சுட வேண்டும். சண்டை பரவாயில்லை, அதற்காக வாங்க வேண்டிய விளையாட்டு இல்லை. குரல் நடிப்பு கிடையாது, எல்லாம் வாசிப்பு. முதல் தடவை எனக்கு முப்பது மணித்தியாலம் பிடித்தது, அதில் பாதிக்கு மேல் வாசிப்புத்தான். 2014 செப்டம்பரில் வந்த டிரெக்டர்ஸ் கட் பதிப்பைத்தான் இப்போது வாங்க முடியும். குழுவில் உள்ளவர்களுக்கு ஆளுக்கொரு சொந்தக் கதை அதில் சேர்த்தார்கள், அதனால் கதை நன்றாகக் கனத்துவிட்டது. பழைய பங்க் பாட்டுக்காரன் டீட்ரிக்கின் கதையை மட்டும் தவறவிடாதீர்கள். எண்பதுகளில் குரொய்ட்ஸ்பேர்க்கில் வெறும் வீடுகளைப் பிடித்துத் திருத்திக் குடியிருந்த ஆட்களில் ஒருவர் கிழவராகி, உடம்பெல்லாம் பச்சை குத்தி உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் இருப்பார்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பாத்திரத்தை உருவாக்கும்போது ‘எட்டிகெட்’ என்று ஒன்று தெரிவு செய்யலாம், அதாவது எந்த வகை ஆட்களோடு அவர்கள் முறையில் கதைக்க உங்களுக்குத் தெரியும் என்பது. தெருவில் கதைக்கும் முறை, கம்பனிக்காரரோடு, படித்தவர்களோடு, காவல்காரரோடு என்று பல உண்டு. சரியானது உங்களிடம் இருந்தால் துவக்கைத் தூக்காமலே கதவு திறக்கும். இதைப் பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. எட்டு வயதிலிருந்து அம்மாவுக்கு மொழிபெயர்க்க அலுவலகங்களுக்குப் போனவன் நான். அங்கே ஒரு ஜேர்மன், கொட்டியில் துருக்கிப் பெடியளோடு ஒரு ஜேர்மன், வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், கோயிலில் இன்னொரு தமிழ். எந்த இடத்தில் எதை எடுப்பது என்பதுதான் எங்கள் முதல் படிப்பு. வேறு எந்த விளையாட்டும் இதை ஒரு திறமையாக மதித்து எனக்குப் புள்ளி கொடுத்ததில்லை.

கதையின் நடுவில் ஹ்யூமானிஸ் என்ற அமைப்புக்குள் நுழைய வேண்டிய வேலை ஒன்று வரும். ஓர்க், ட்ரோல் எல்லாம் மனிதரே இல்லை என்று சொல்லும் கூட்டம் அது. நல்ல சட்டை போட்டு, அமைதியாக, நாகரிகமாகக் கதைப்பார்கள். 1992-இல் ரொஸ்ரொக் நகரத்தில் வெளிநாட்டவர் இருந்த கட்டடத்தைக் கொளுத்தியபோது எனக்கு ஐந்து வயது. டிவியில் அதைப் பார்த்துக்கொண்டு அம்மா என்னைத் தன் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தது ஞாபகம் இருக்கிறது. அந்தப் பகுதியை நான் ஐந்து தடவையும் ஒரே மாதிரித்தான் விளையாடினேன், வேறு மாதிரி விளையாட மனம் வரவில்லை.

நான்காவது தடவை 2021-இல். அந்த வருடம் ஏப்ரலில் பேர்லினின் வாடகை உச்சவரம்புச் சட்டத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது. செப்டம்பரில் பெரிய வீட்டுக் கம்பனிகளை நகரமே எடுக்க வேண்டும் என்று நடந்த வாக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் ஆம் என்றார்கள், ஆனால் கம்பனிகள் அப்படியேதான் இருக்கின்றன. கடன் கொப்பி வைத்திருந்த ஐயாவின் மரக்கறிக் கடை மூடி எத்தனையோ வருடம், அந்த இடத்தில் இப்போது எனக்கு வாங்க ஒன்றுமில்லாத கடை. கதைப்படி குரொய்ட்ஸ்பசார் 2054, ஆனால் எனக்கு அது 1990 மாதிரித்தான் தெரிந்தது. வெளியே எங்கள் தெரு மாறிக்கொண்டே போக, திரையில் அல்துக் அதே இடத்தில் கோப்பி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

ஆனால் குரொய்ட்ஸ்பசார் ஆவி செத்துப்போகவில்லை. 2012-இல் கொட்டியில் குடியிருந்தவர்கள் வாடகைக்கு எதிராக நடைபாதையிலேயே பலகையால் ஒரு குடில் கட்டினார்கள். ‘கெஜேகொண்டு’ என்று பெயர், ஒரே இரவில் எழுப்பியது என்று துருக்கியில் பொருள். துருக்கி அம்மாக்களும் ஜேர்மன் கிழவர்களும் மாணவர்களும் அங்கே தேநீர் குடித்துக்கொண்டு ஒருவருக்கொருவர் கடிதம் வாசித்துக் கொடுத்தார்கள். இந்த விளையாட்டை எழுதியவர்கள் அதைப் பார்த்தார்களோ எனக்குத் தெரியாது. பார்த்திருந்தால் அப்படியே எடுத்து வைத்திருப்பார்கள்.

குறை என்றால் ஒன்று இருக்கிறது, வருடம் போகப் போகத்தான் அது உறுத்துகிறது. இந்த பேர்லினில் துருக்கிக்காரர் உண்டு, ட்ரோல் உண்டு, ட்ராகன் உண்டு, நாங்கள் இல்லை. ஹாசன்ஹைட பூங்காவின் ஓரத்தில் கணேசர் கோயில் கோபுரம் நிற்கிறது. பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் இருக்கிறார். பனி கொட்டும் நாளில் வேட்டியோடு ஊ-பானால் இறங்கி, மேலே ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடக்கும் ஒரு ஐயரைப் பார்த்த பிறகு, மந்திரமும் இயந்திரமும் கலந்த நகரம் என்று இதைச் சொல்லிவிட்டு எங்களை எப்படி விட்டார்கள் என்றுதான் தோன்றும்.

மூன்று ஷடோரன் கதைகளையும் சேர்த்து 2022-இல் வீட்டு டிவியில் விளையாடும் கருவிகளுக்கும் விட்டார்கள். அதற்குப் பிறகுதான் அப்பா இதைப் பார்த்தார். சனிக்கிழமை பின்னேரம் வருவார், தேத்தண்ணியோடு பக்கத்தில் இருப்பார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கச் சிரமம், நான் வரிக்கு வரி தமிழில் சொல்கிறேன். சண்டை வந்தால் பேப்பரை எடுத்துவிடுவார், ஆட்கள் கதைக்கத் தொடங்கினால் வைத்துவிடுவார். அல்துக்கிடம் போனபோது, “இந்தாள் கடைக்கு வாடகை எவ்வளவு குடுக்கிறான்?” என்று கேட்டார். அதைக் கதையில் சொல்லவில்லை என்றேன். “கேட்டுப் பார்” என்றார். அப்படி ஒரு கேள்வி திரையில் இல்லை என்பதை அவருக்கு விளங்கப்படுத்தக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வருகிற சனிக்கிழமை ஹ்யூமானிஸ் பகுதி. அந்த நாகரிகமான ஆட்கள் பேசுவதை அவருக்கு எந்தத் தமிழில் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.