வாளித் தண்ணீரில் முக்கிக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்: என் 46,500 ரூபாய் போனது அப்படித்தான்

நேற்று இரவு பத்தரை மணிக்கு அந்தக் கடையின் ஆன்லைன் பக்கத்தில் புதிதாக ஒரு படம் வந்தது. கறுப்பு நிற அலுமினிய ஹவுசிங், அதாவது கேமராவை உள்ளே வைத்து மூடி, தண்ணீருக்குள் கொண்டுபோகும் பெட்டி. இடது கொக்கிக்குக் கீழே பிறை மாதிரி ஒரு கீறல். "அருமையான கண்டிஷன், கம்மியாகப் பயன்படுத்தியது, 49,000" என்று போட்டிருந்தார்கள். அந்தக் கீறலை எனக்குத் தெரியும். நான் 46,500 ரூபாய் கொடுத்து வாங்கி, என் கேமராவைத் தண்ணீரில் பறிகொடுத்து, "செக் பண்ணித் தரோம்" என்று அவர்களே வாங்கி வைத்துக்கொண்ட அதே ஹவுசிங். பணம் இன்னும் என் கைக்கு வரவில்லை. அதற்குள் அடுத்தவர் தலையில் கட்டக் கிளம்பிவிட்டார்கள்.

கடையின் பெயரைக் கேட்காதீர்கள். புகார் போயிருக்கிறது, அது முடியும்வரை எழுத மாட்டேன். பழைய கேமரா, லென்ஸ், லைட் எல்லாம் வாங்கி விற்கிற கடை. சென்னையில் மாடியில் சின்ன ஷோரூம், ஆன்லைனில் பெரிய பக்கம். அது போதும். இந்த மாதிரி கடைக்கு யார் போனாலும் தெரிந்து போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் நீச்சல் வீரர்களைப் படம் எடுப்பவள். ஆறு வருடமாக இதுதான் வேலை. 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் குளத்தில் போட்டி நடந்தால் காலை ஆறரைக்கே போய் இடம் பிடித்துவிடுவேன். பட்டர்ஃபிளை நீச்சல் என்றால் லேனுக்கு நேர் எதிரே, தரையோடு தரையாகக் குந்தி உட்கார வேண்டும். மூச்சுக்காகத் தலை எழும்பி, இரண்டு கையும் இறக்கை மாதிரி விரியும் அந்த ஒரு நொடிக்காகத்தான் அத்தனை காத்திருப்பும். ஷட்டர் வேகம் 1/1250 நொடியை விட மெதுவாகப் போனால் தெறிக்கும் தண்ணீர் முத்து முத்தாக நிற்காது, பஞ்சு மாதிரி ஆகிவிடும். ஸ்டார்ட் கொடுக்கும் கருவியிலேயே வெளிச்சம் மின்னும் என்பதால் அந்த நேரத்தில் ஃபிளாஷ் போடக்கூடாது. இருக்கிற வெளிச்சத்தில்தான் எல்லாம்.

போட்டி முடிந்ததும் போர்ட்ரெய்ட். கண்ணாடியைக் கழற்றிய பிறகு கண்ணைச் சுற்றி அந்தச் சிவந்த வளையம் இருக்குமே, அது மறைவதற்குள் எடுத்துவிட வேண்டும். முகம் துடைத்து, தலை சீவி, பவுடர் போட்டு வந்து நிற்கிற பிள்ளையை எனக்கு எடுக்கப் பிடிக்காது. உதடு வெளுத்து, மூச்சு இன்னும் அடங்காமல், தோளில் துண்டோடு நிற்கும் பிள்ளைதான் நீச்சல்காரர். பெற்றோர் முதலில் "ஐயோ இப்படியா எடுப்பீங்க" என்பார்கள். வீட்டுச் சுவரில் மாட்டுவது கடைசியில் அந்தப் படத்தைத்தான்.

ஆனால் கரையில் இருந்து எடுக்க முடியாத ஒன்று இருக்கிறது. குதித்த பிறகும் ஒவ்வொரு திருப்பத்திலும் பட்டர்ஃபிளைக்காரர் 15 மீட்டர் வரை தண்ணீருக்குள்ளேயே போகலாம். 50 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் பந்தயம் என்றால் 30 மீட்டர் வரை நம் கண்ணிலேயே படாது. பல பந்தயங்கள் தீர்மானமாவது அங்கேதான். கைகளை அம்பு மாதிரி நீட்டி, உடம்பு முழுக்க அலை ஓட, மூக்கில் இருந்து குமிழி வரிசையாக மேலே போகும். மேலே நிற்கிற நமக்கு ஒரு கலங்கல் நிழல்தான் தெரியும். அதை எடுக்கத்தான் எனக்கு ஹவுசிங் வேண்டியிருந்தது. என் கேமரா மாடலுக்குப் புதிது லட்சத்துக்கு மேல். ஐந்து மாதம் சேர்த்தும் 46,500-தான் தேறியது. அந்த விலைக்கு இந்தக் கடையில் பழையது ஒன்று இருந்தது.

போனேன். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். அவசரப்படுத்தவே இல்லை. "நல்லா பாருங்க மேடம், டவுட் இருந்தா எடுக்க வேண்டாம்" என்றார். அந்த வார்த்தையிலேயே பாதி விழுந்துவிட்டேன். பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தபோது ஷட்டர் பட்டனைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தேய்த்தேன், பொடியாக உதிர்ந்தது. என்ன இது என்று கேட்டேன். "குளோரின்க்கா, துணியால துடைச்சா போயிடும்" என்று கடைப் பையன் துடைத்தே காட்டினான். கசிவு வந்தால் கத்தும் அலாரம் வேலை செய்கிறதா என்றேன். "பேட்டரி மட்டும் மாத்தணும்." காற்றை உறிஞ்சிச் சோதிக்கும் பம்ப் இருக்கிறதா என்றேன். "அதெல்லாம் கடலுக்குள்ள போறவங்களுக்கு. ஸ்விம்மிங் பூலுக்கு எதுக்குக்கா?"

அப்புறம் அந்த வாளி. நீல பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் எதிரிலேயே வைத்தான். ஹவுசிங்குக்குள் நான்காக மடித்த டிஷ்யூ பேப்பரைப் போட்டு, மூடி, முழங்கை வரை கையை விட்டு அழுத்திப் பிடித்தான். இரண்டு நிமிடம் போனில் நேரம் பார்த்தோம். வெளியே எடுத்துத் துடைத்து, திறந்து, அந்த டிஷ்யூவை என் உள்ளங்கையில் வைத்தான். காய்ந்திருந்தது. மொறமொறவென்று இருந்தது. நான் அந்த இடத்திலேயே போனை எடுத்து 46,500 ரூபாயை அனுப்பினேன். "நாங்களே குளத்துல இறக்கி டெஸ்ட் பண்ணதுதான் மேடம், நீங்க நேரா வேலைக்குக் கொண்டுபோகலாம்" என்று கடைக்காரர் வாசல் வரை வந்து சொன்னார். பில்லில் "கேமரா ஆக்சசரி - 1" என்று மட்டும் எழுதியிருந்தது. சீரியல் நம்பர் இல்லை. அதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு ஷூட். அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல். இந்தக் குளத்தில் அவளுக்கு அதுதான் கடைசி வாரம். அவளுடைய கோச் சாரும் வந்திருந்தார். ஐந்தடி ஆழம். அவள் சுவரை உதைத்து என்னை நோக்கி வந்தாள். தண்ணீருக்குள் தூரம் போகப் போக எல்லாம் நீலமாகி முகம் செத்துவிடும் என்பதால் கிட்டத்தட்டக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று, பட்டனை அழுத்திப் பிடித்து வரிசையாக எடுத்தேன். மூன்றாவது முறை அவள் வரும்போது திரையின் அடியில் ஒரு கோடு ஆடியது. வெளியே இருக்கும் தண்ணீர்தான் என்று நினைத்தேன். நாலாவது முறை திரை அணைந்துவிட்டது. அலாரம் கத்தவே இல்லை. கரைக்கு வந்து திறந்தால் லென்ஸ் பாதி முழுகிக் கிடந்தது.

கார்டு மட்டும் பிழைத்தது. கடைசிப் படத்தில் அவள் முகம் மேல் பாதியில் தெளிவாக இருக்கிறது. கண் திறந்திருக்கிறது, சிரிக்கிறாள். கீழ்ப் பாதி முழுக்கக் கரைந்து போயிருக்கிறது. உள்ளே ஏறிய தண்ணீர் லென்ஸுக்கு முன்னால் நிற்கும்போது எடுத்த படம். அந்தப் பெண் கரையில் உட்கார்ந்து, "ஆன்ட்டி, என்னாலயா?" என்று கேட்டாள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

கேமரா ரிப்பேர் பார்ப்பவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். அந்த வெள்ளைப் பொடி குளோரின் இல்லை, உப்பு. கடலில் பயன்படுத்திவிட்டு நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவாமல் வைத்திருக்கிறார்கள். பட்டனின் தண்டைச் சுற்றி உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் வளையம், ஓ ரிங் என்பார்கள், உப்பு அரித்து வெடித்திருக்கிறது. சும்மா வைத்தால் தாங்கும். பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஏறும். வாளிக்குள் அந்தப் பையன் ஒரு பட்டனையாவது அழுத்தினானா? இல்லை. இரண்டு நிமிடமும் பார்த்துக்கொண்டு நின்றவள் நான்தான், எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்று மாலையே கடைக்குப் போனேன். அதே டீ. "உங்க தலைமுடி ரப்பர்ல மாட்டியிருக்கும் மேடம்." மூடியைச் சுற்றி இருக்கும் பெரிய ரப்பர் வளையத்தைக் கழற்றிக் காட்டினேன், முடி இல்லை. "அப்போ டைட்டா மூடியிருக்க மாட்டீங்க." கடைசிப் படத்தைக் காட்டினேன். "பாருங்க, நீங்க யூஸ் பண்ணியிருக்கீங்க, யூஸ் பண்ணினதை ரிட்டர்ன் எடுக்க முடியாது." பிறகு என்ன நினைத்தாரோ, "வச்சிட்டுப் போங்க, எங்க டெக்னீஷியன் பார்க்கட்டும்" என்றார். வைத்துவிட்டு வந்தேன். ரசீது வாங்கவில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் "ஹவுசிங் பெற்றுக்கொண்டோம்" என்று அவர்கள் அனுப்பிய ஒரு வரி இருக்கிறது. இப்போது என் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான்.

முதல் வாரம் டெக்னீஷியன் ஊருக்குப் போயிருந்தார். இரண்டாவது வாரம் அவருக்குக் காய்ச்சல். மூன்றாவது வாரம் பேச்சே மாறியது: "அது எங்க பொருள் இல்லை மேடம், ஒருத்தர் வித்துத் தரச் சொன்னார், நாங்க கமிஷன்தான்." அந்த ஒருத்தர் யார்? சொல்ல முடியாதாம். பணம் வாங்கும்போது கமிஷன் கடை என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? 46,500 ரூபாயும் கடைக் கணக்குக்குத்தானே போனது! போன வாரத்தில் இருந்து என் செய்திகளுக்கு நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. வேறு நம்பரில் இருந்து கூப்பிட்டால் எடுக்கிறார்கள், என் குரல் கேட்டதும் "சிக்னல் இல்லை" என்று வைத்துவிடுகிறார்கள்.

கேமரா தேறாது என்று சொல்லிவிட்டார்கள். அதன் கணக்கை இதில் சேர்க்கவில்லை. இப்போதைக்கு நான் கேட்பது 46,500 ரூபாய். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். அவர்களுடைய புது விளம்பரத்தையும் கீறல் தெரியும் என் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

பழைய ஹவுசிங் வாங்குவது எப்படி என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இவ்வளவு மட்டும். பட்டன்களைச் சுற்றி வெள்ளைப் பொடி இருந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வாளிச் சோதனை சோதனையே இல்லை. கேமரா இல்லாமல், உள்ளே டிஷ்யூ மட்டும் போட்டு, குளத்தின் ஆழமான பக்கத்தில் அரை மணி நேரமாவது வைத்து, எல்லாப் பட்டனையும் திரும்பத் திரும்ப அழுத்திப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள். பில்லில் சீரியல் நம்பர் வேண்டும். திருப்பிக் கொடுத்தால் கையெழுத்தோடு ரசீது வேண்டும்.

இடது கொக்கிக்குக் கீழே பிறை மாதிரி கீறல் இருக்கும் கறுப்பு ஹவுசிங்கை 49,000-க்கோ, குறைத்தோ யாராவது காட்டினால் தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள். எனக்கு ஒரு செய்தி போடுங்கள்.