இடது கைக்காரர் கட்டானாவை எப்படிப் பிடிப்பது?

ஜப்பானிய வாள் பயிற்சிக்குப் போகும் இடது கைக்காரர் முதல் நாளே கேட்டுவிடுவார்: "கையை மாற்றிப் பிடிக்கலாமா?" கூடாது என்பதுதான் அநேகமாகப் பதில். வலது கை முன்னால், காப்புத் தட்டை ஒட்டி. இடது கை பின்னால், பிடியின் கடைசியில். எல்லோருக்கும் ஒரே ஏற்பாடு. வலது கைக்காரர்கள் தங்கள் வசதிக்குப் போட்ட சட்டம் போலத் தெரியும். இந்தப் புகாரில் பாதி நியாயம் இருக்கிறது. எதிராளியோடு மோதிப் பழகும் கெண்டோவில் அது எடுபடாது, உறையிலிருந்து வாளை உருவி வெட்டப் பழகும் இயாய்டோவில் எடுபடும்.

கிரிக்கெட் மட்டையை நினைத்துப் பாருங்கள். வலது கை ஆட்டக்காரர் மட்டையைப் பிடிக்கும்போது இடது கைதான் பிடியின் நுனியில் இருக்கிறது. வலது கை அதற்குக் கீழே, மட்டையின் பலகைக்குப் பக்கத்தில். நேராக அடிக்க வேண்டிய பந்தில் கீழ்க்கை அதிகம் புகுந்தால் மட்டை கோணிப்போகும். கெண்டோவிலும் கதை இதேதான். மூங்கில் வாளான ஷினாயை உயர்த்தி இறக்குவது இடது கையின் வேலை, திசை காட்டுவது வலது கையின் வேலை. வலது கைக்காரப் புதியவர்கள் ஆரம்பத்தில் படும் பாடே வலது கையை அடக்குவதில்தான். அடி பக்கவாட்டில் சாய்கிறது என்றால் ஆசிரியர் முதலில் அந்தக் கையைத்தான் பார்ப்பார். இடது கைக்காரருக்கு அந்தத் தொல்லை குறைவு. இடது கையால் எழுதும் சச்சின் வலது கை ஆட்டக்காரராகவே நின்று அடித்ததை நினைத்துக்கொண்டால் மனம் சமாதானமாகும்.

எந்தக் கை எங்கே என்பதைவிட, பிடியை எப்படி இறுக்குவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சுத்தியலைப் பிடிப்பதுபோல ஐந்து விரலையும் இறுக்குவது ஒரு வழி. கைக்கு அதுதான் இயல்பாக வரும், ஆனால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். சுண்டுவிரலும் மோதிர விரலும் இறுக்கிப் பிடிக்க, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பட்டும் படாமலும் இருப்பது இன்னொரு வழி. 1645இல் இறந்த வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி எழுதி வைத்ததும் இதையே: நடுவிரல் இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை, அசைவற்று உறைந்த கை செத்த கை. இந்தக் கைப்பக்குவத்துக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் தெனொஉச்சி, அதாவது 'கையின் உள்ளே'. இரண்டில் எது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஈரத்துணியைப் பிழிவதுபோல் பிடி என்றும் சொல்வார்கள். அங்கே நாம் கோட்டை விடுவோம். நாம் துணியைக் கிடையாகப் பிடித்து ஒரு கையை முன்னாலும் மறு கையைப் பின்னாலும் முறுக்குவோம். அவர்கள் சொல்வது வேறு. துணியை உடம்புக்கு நேராக நீட்டிப் பிடித்து, இரண்டு கையையும் மேலிருந்து போட்டு, உள்பக்கமாகத் திருப்பிப் பிழிவது. அப்படிப் பிடித்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள பிளவு வாளின் முதுகோடு ஒரே கோட்டில் வரும். அடி இறங்கும் கணத்தில் மட்டும் இறுக்கம், அடுத்த கணம் தளர்வு.

கெண்டோவில் இடது கைக்கு இதைவிட அதிக வேலை வேண்டும் என்பவருக்கும் வழி உண்டு. ஹிதாரி ஜோதான் நிலையில் இடது கால் முன்னே வரும், ஷினாய் தலைக்கு மேலே போகும், இடது கை ஒன்றினாலேயே வீசி அடிக்கலாம். எட்டும் தூரம் கூடும், ஆனால் இரண்டு மணிக்கட்டுகளும் எதிரிக்கு இலக்காகும். இன்னொன்று கியாக்கு நிதோ: அதிகபட்சம் 114 செ.மீ. நீளமுள்ள ஷினாய் இடது கையில், 62 செ.மீ.க்கு மிகாத குட்டை ஷினாய் வலது கையில். இரண்டுமே அடிப்படை நிலையில் சில வருடங்கள் ஊறியவர்களுக்கு. அவசரப்பட்டுத் தாவினால் இரண்டும் கெட்டுவிடும்.

இயாய்டோவுக்கு வந்தால் இடது கைக்காரரின் புகார் செல்லும். அங்கே உறையிலிருந்து உருவுவதே முதல் வெட்டு, அதை வலது கை தனியாகச் செய்கிறது. இடது கை உறையைப் பின்னுக்கு இழுத்து உதவுகிறது. உதவி சின்னதல்ல, ஆனாலும் வெட்டுவது மற்ற கைதான். அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு 1969இல் ஏழு பயிற்சி வடிவங்களாகத் தொடங்கி இன்று பன்னிரண்டாக வைத்திருக்கும் வரிசை முழுக்க, இடது இடுப்பில் வெட்டும் விளிம்பு மேல்நோக்கி இருக்கச் செருகிய வாளுக்கானது.

வலது இடுப்புக்கு மாற்றலாமே என்றால், பொருளே ஒத்துழைக்காது. கயிறு கட்டும் குமிழ் உறையின் வெளிப்பக்கம் இருப்பது. இடம் மாற்றினால் அது இடுப்பில் குத்தும். பிடியின் நாடாவுக்கு அடியில் இருக்கும் மெனுக்கி என்ற உலோக அலங்காரங்கள் வழக்கமான அமைப்பில் விரல்களுக்குக் கீழே வரும். கையை மாற்றினால் அவை உள்ளங்கைக்குப் போய்விடும். புது உறை, புதுப் பிடி செய்துகொண்டாலும், வரிசையாக நின்று உருவும் கூடத்தில் நீங்கள் மட்டும் பக்கத்து ஆளை நோக்கி உருவுவீர்கள். வீட்டில் தனியாகச் செய்து பார்க்க நல்ல பயிற்சி, அவ்வளவுதான்.

ஷினாயிலிருந்து இயாய்டோ வாளுக்கு மாறுகிறவருக்கு ஒன்று: பிடி அங்கே 24 முதல் 27 செ.மீ.தான், ஷினாயினுடையதைவிடக் குட்டை. கைகளுக்கு இடையே இடம் சுருங்கிவிடும்.

ஆக, இடது கைக்காரர் என்னிடம் கேட்டால் முதலில் கெண்டோ, கையை மாற்றாமல். இயாய்டோவும் செய்யலாம், வலது கை பழகும்வரை ஓரிரு வருடம் பொறுமை இருந்தால். இரண்டு கையும் சமமாக வேலை செய்ய வேண்டும் என்றால் வாளை விட்டுவிட்டு நகினாட்டா (நீண்ட தடியின் நுனியில் வளைந்த அலகு உள்ள ஆயுதம்) அல்லது ஜோ பக்கம் போகலாம். நகினாட்டாவில் முன்கை பின்கையாக மாறிக்கொண்டே இருக்கும். சுமார் 128 செ.மீ. தடியான ஜோவில் அடிப்படை அசைவுகளை இடமும் வலமும் மாறி மாறிச் செய்வார்கள். எதிரே மரவாளுடன் நிற்பவருக்கு மட்டும் அங்கேயும் வலது கை முன்னால்தான்.