புளிமுளத்துக்குத் தாங்கும், கஞ்சிக்குத் தாங்காது: குறைந்த சோடியம் உப்பு எப்படி இருக்கிறது

பிரஷர் உள்ளவர்கள் வீட்டில் குறைந்த சோடியம் உப்பு வாங்கலாமா என்று கேட்டால் என் பதில், வாங்கலாம். ஆனால் பாக்கெட்டின் முன்பக்கத்தில் இருக்கும் இதயப் படத்தை நம்பி வாங்காதீர்கள், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபிறகு, போன ஓணம் சமயத்திலிருந்து நாகர்கோவிலில் எங்கள் வீட்டு அடுக்களையில் இதுதான் ஓடுகிறது. நடுவில் ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்கு மாறினோம். கம்பெனி பெயர்களை நான் எழுதவில்லை, இங்கே சொல்வது எந்தப் பாக்கெட்டுக்கும் பொருந்தும்.

சாதா உப்பு கிட்டத்தட்ட முழுவதும் சோடியம் குளோரைடு. இந்த உப்பில் அதில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். பார்க்க ஒரே மாதிரி வெள்ளையாக, பொடியாக இருக்கும். நாங்கள் வாங்கிய இரண்டிலும் அயோடின் இருந்தது.

முதலில் ருசி, ஏனென்றால் ருசி சரியில்லை என்றால் எந்த ஆராய்ச்சியும் அடுக்களைக்குள் நுழையாது. எங்கள் ஊர் மீன் குழம்பான புளிமுளத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. புளியும் மிளகும் தேங்காயும் சேர்ந்தால் வேறெதுவும் மேலே வராது. சாளை வறுத்தாலும் அப்படித்தான். தீயல், எரிசேரி, பயறு எல்லாம் நன்றாகவே வந்தன. மரச்சீனிக் கிழங்கு அவிக்கும்போது சாதா உப்பு போடும் அதே அளவு போட்டால் கொஞ்சம் உப்பு குறைந்த மாதிரி இருக்கும், தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகுச் சம்மந்தி (துவையல்) இருந்தால் அதுவும் தெரியாது. மாட்டிக்கொள்வது கஞ்சியும் மோரும்தான். இரண்டிலும் மறைக்க ஒன்றும் இல்லாததால் குடித்து முடித்தபிறகு நாக்கின் பின்பக்கம் லேசான கசப்பு, இரும்பு மாதிரி ஒரு ருசி நிற்கிறது. அம்மா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள், "மக்களே, இந்த உப்பு கஞ்சிக்கு ஆவாது" என்று. அதற்குப் பிறகு கஞ்சியில் உப்பையே பாதியாகக் குறைத்து, பயற்றையும் சம்மந்தியையும் வைத்துச் சமாளித்தோம். இப்போது அந்தக் கசப்பைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. உப்பு பத்தவில்லை என்று இன்னொரு கரண்டி போட ஆரம்பித்தால் மட்டும் வாங்கியதே வீண், அதில் கவனமாக இருங்கள்.

இப்போது பின்பக்க எழுத்துக்கு வருகிறேன். முதலில் வாங்கிய பாக்கெட்டில் சோடியம் 15 சதவீதம் குறைவு என்று இருந்தது. இப்போது வாங்குவதில் 30 சதவீதம். இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரிப் பச்சை நிறத்தில், ஒரே மாதிரி வாக்குறுதியோடு நிற்கின்றன. நம் நாட்டில் ஒரு பெரியவர் சராசரியாக ஒரு நாளைக்கு 8 கிராம் உப்பு சாப்பிடுகிறார் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்திய தேசிய அளவிலான கணக்கெடுப்பு சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். சோடியத்தை 15 சதவீதம் குறைத்தால் அந்த 8 கிராம் 6.8 கிராம் சாதா உப்புக்குச் சமமாகும், 30 சதவீதம் குறைத்தால் 5.6 கிராமுக்குச் சமமாகும். உப்பை மாற்றுவதென்று முடிவு செய்தபிறகு 15 சதவீதத்தோடு நிற்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) குறைந்த சோடியம் உப்பு கேட்டதற்கு அங்கிருந்த அண்ணாச்சி இந்துப்பை எடுத்துத் தந்து, "பிரஷருக்கு இதுதான் எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். இது நம் ஊரில் பெரிய அளவில் பரவியிருக்கிற எண்ணம், அதனால் அழுத்திச் சொல்கிறேன். இளஞ்சிவப்பாக இருந்தாலும் மலையிலிருந்து வெட்டி எடுத்தது என்றாலும் இந்துப்பில் இருப்பதும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் கொஞ்சம் இருக்கும், ரத்த அழுத்தத்தைத் தொடும் அளவுக்கு இருக்காது. சுவாமித்தோப்பு, புத்தளம் உப்பளங்களில் விளைகிற கல்லுப்பும் எடைக்கு எடை அதே சோடியம்தான். நம் மண்ணில் விளைகிற உப்பு என்று எனக்கும் அதன்மேல் பாசம் உண்டு, ஊறுகாய்க்கு இன்றைக்கும் அதுதான், ஆனால் பிரஷருக்கு நல்லது என்று அதை விற்கக் கூடாது.

சரி, இது உண்மையிலேயே பலன் தருமா? நான் இந்த உப்பின் பக்கம் வந்ததே 2021-ல் வந்த ஒரு ஆய்வைப் படித்துத்தான். சீனாவில் 600 கிராமங்கள், 20,995 பேர். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதுக்கு மேல் ரத்த அழுத்தம் உள்ளவர்கள். பாதிக் கிராமங்களுக்கு 75 பங்கு சோடியம் குளோரைடும் 25 பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பை இலவசமாகக் கொடுத்தார்கள், மீதிக் கிராமங்கள் வழக்கமான உப்போடு தொடர்ந்தன. சராசரியாக ஐந்து வருடத்துக்குச் சற்றுக் குறைவாகக் கவனித்ததில் மாற்று உப்புக் கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகளை மொத்தமாகச் சேர்த்தால் 13 சதவீதம், இறப்பு 12 சதவீதம். ஆயிரம் பேரை ஒரு வருடம் கவனித்தால் சாதா உப்புப் பக்கம் 33.65 பக்கவாதம், மாற்று உப்புப் பக்கம் 29.14. ஆயிரத்துக்கு நாலரை பேர்தானே என்று தோன்றலாம், ஒரு தாலுகா அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். இதற்காக அவர்கள் புது மாத்திரை எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆபரேஷன் எதுவும் இல்லை, அடுக்களையில் இருக்கும் ஒரு டப்பாவை மாற்றினார்கள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், மேல் ரத்த அழுத்தம் (120/80 என்பதில் முதலில் வரும் எண்) சராசரியாக 3.34 புள்ளிதான் குறைந்தது. மெஷினில் பார்த்தால் ஒருவருக்கு இது தெரியவே தெரியாது, காலையில் எடுப்பதற்கும் சாயங்காலம் எடுப்பதற்கும் இதைவிட வித்தியாசம் வரும். ஊர் முழுவதும் அத்தனை பேருக்கும் அந்த மூன்று புள்ளி வருடக்கணக்கில் குறைந்து நின்றால்தான் பக்கவாதம் குறைகிறது. அதனால் உப்பை மாற்றிய மறுவாரம் மெஷினைக் கட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றும் குறையவில்லை" என்று பழையபடி திரும்பாதீர்கள். அப்பாவின் அளவு இப்போது நன்றாக இருக்கிறது, ஆனால் நடுவில் மாத்திரையும் மாற்றினார்கள், சாயங்காலம் நடக்கவும் ஆரம்பித்தார், எனவே அந்தப் பெயரை உப்புக்கு மட்டும் நான் கொடுக்க மாட்டேன்.

சீனாக்காரர்களுக்குச் சரி, நமக்கு? தெலங்கானாவில் சித்திப்பேட்டை மாவட்டக் கிராமங்களில் ரத்த அழுத்தம் உள்ள 502 பேரிடம் 70க்கு 30 கலவையை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வும் 2021-ல் வந்தது, மேல் அழுத்தம் 4.6 புள்ளி குறைந்தது. பெரு நாட்டில் தும்பேஸ் என்ற கடலோரப் பகுதியில் ஆறு கிராமங்களில் செய்த ஆய்வில், பிரஷர் இல்லாதவர்களுக்குப் புதிதாகப் பிரஷர் வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் நம்மோடு ஒரு ஒற்றுமை இருக்கிறது. மேலை நாட்டு நகரங்களில் உப்பு பெரும்பாலும் பாக்கெட் சாப்பாட்டிலிருந்து வருகிறது, அங்கே வீட்டு உப்பை மாற்றிப் பெரிய பலன் இல்லை. நம் வீடுகளில் உப்பு பெரும்பாலும் சமைக்கிறவர் கையிலிருந்து வருகிறது, அதனால் அந்த டப்பாவை மாற்றினால் நேரடியாகப் பலன் உண்டு.

இனிமேல் எழுதுவதை யாரும் தாண்டிப் போகாதீர்கள். இந்த உப்பு எல்லோருக்கும் ஆகாது. பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ரத்தத்தில் தங்கி ஏறும், ஒரு அளவுக்கு மேல் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், உயிருக்கே ஆபத்து. கிட்னி பாதித்தவர்களிடம் இளநீர் குடிக்காதீர்கள், நேந்திரம்பழமும் மட்டிப்பழமும் வேண்டாம் என்று டாக்டர் சொல்வது இதே காரணத்துக்காகத்தான். கவலையான விஷயம், இதய நோயாளிகள் சாதாரணமாகச் சாப்பிடும் மாத்திரைகள் பலவும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை: ராமிபிரில், எனலாபிரில், டெல்மிசார்டன், லோசார்டன், முக்கியமாக ஸ்பைரோனோலாக்டோன். அதாவது இந்த உப்பை யார் அதிகம் தேடி வாங்குவார்களோ அவர்களில்தான் கவனமாக இருக்க வேண்டியவர்களும் அதிகம். சீன ஆய்வில் பொட்டாசியம் ஏறிய ஆபத்து இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் இருந்தது என்பது உண்மை, ஆனால் தீவிரச் சிறுநீரக நோய் உள்ளவர்களையும் பொட்டாசியத்தைத் தேக்கும் நீர் மாத்திரை சாப்பிடுபவர்களையும் ஆரம்பத்திலேயே விலக்கிவிட்டுத்தான் அந்த ஆய்வு நடந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோரைத் தவிர்த்துத்தான் சொன்னது.

நாங்கள் செய்தது இது. அப்பா ராமிபிரில் சாப்பிடுகிறார், அதனால் உப்பைப் பிரிப்பதற்கு முன்னால் பாக்கெட்டையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்கச் சொன்னார், இரண்டும் சரியாக இருந்தபிறகு ஆரம்பிக்கச் சொன்னார், கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் பார்த்தார். பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருப்பது சாதாரணம். இது பெரிய டெஸ்ட் இல்லை, சாதாரண ரத்தப் பரிசோதனைதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர் மாத்திரை தருகிறவர்களிடமும் இந்த உப்பு போடுகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் இருந்தால் இன்னும் கவனம். எங்கள் மாமாவுக்குக் கிட்னி கொஞ்சம் பலவீனம், அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிவானபோது மயக்க மருந்து டாக்டர் முதலில் பார்த்த ரிப்போர்ட்களில் ஒன்று பொட்டாசியம். அளவு ஏறியிருந்தால் மயக்கத்தில் இருக்கும்போது இதயத் துடிப்பு மாறக்கூடும், சில மயக்க மருந்துகளே பொட்டாசியத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றும் என்று விளக்கினார். என்னென்ன மாத்திரை என்று கேட்பார்கள், என்ன உப்பு என்று கேட்க யாருக்கும் தோன்றாது. நாமாகத்தான் சொல்ல வேண்டும். மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் அவருக்குத் தனியாகச் சாதா உப்பு, அதுவும் குறைத்து. அதற்காகவே இரண்டு டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

விலைதான் எனக்கு வருத்தம். சாதா உப்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுத்தரக் குடும்பத்துக்கு மாதத்தில் அது பெரிய தொகை இல்லை, ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் எப்படி வாங்குவார்கள்? பக்கவாதம் வந்து படுத்தால் முதலில் உடைவது அந்தக் குடும்பங்கள்தான், அவர்களுக்குத்தான் இது எட்டாமல் இருக்கிறது. இத்தனைக்கும் தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை. 2014-ல் தமிழ்நாடு உப்பு நிறுவனம் அம்மா உப்பு என்று மூன்று வகை கொண்டுவந்தபோது அதில் ஒன்று குறைந்த சோடியம் உப்பு, கிலோ 21 ரூபாய். அப்போது சீன ஆய்வின் முடிவு வரவே இல்லை. இன்றைக்கு ஆதாரம் கையில் இருக்கிறது, உப்பளமும் நம்மிடம் இருக்கிறது. ரேஷன் கடையில் இதைக் குறைந்த விலைக்கு வைத்து, யார் சாப்பிடக் கூடாது என்பதைப் பாக்கெட்டில் பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். நான் பார்த்த பாக்கெட்டுகளில் அந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவில் இருந்தது. மதிப்பெண் குறைக்கிறேன் என்றால் விலைக்கும் இதற்கும்தான்.

இந்த உப்பால் ஆகாத ஒன்றும் உண்டு, கருவாடு. நெத்திலிக் கருவாடு, உப்பு மாங்காய், பப்படம், பேக்கரி மிக்சர் இவற்றில் ஏறிய உப்பு ஏறியதுதான், அடுக்களை டப்பாவை மாற்றி அதை ஒன்றும் செய்ய முடியாது. அப்பாவுக்குக் கருவாடு இல்லாமல் முடியாது, அதனால் நன்றாக ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, அன்றைக்குக் குழம்பில் உப்பே போடாமல் வைக்கிறோம், அதுவும் எப்போதாவதுதான்.

கடைசியாக, வைத்திருக்கும் முறை. நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, ஈரக்காற்று பட்டால் இது சாதா உப்பைவிடச் சீக்கிரம் கட்டி பிடிக்கிறது. பெரிய பாக்கெட் வேண்டாம், அரைக்கிலோ கிடைத்தால் அதை வாங்கிக் கண்ணாடிக் குப்பியில் இறுக்கி மூடி வையுங்கள், ஈரக்கரண்டி போடாதீர்கள்.