கெமிக்கல் ஸ்டோரில் ஒன்பது வருடம்: எந்த பம்ப் தாங்கியது, எது கைவிட்டது

துணியை வெளுக்கும் பெராக்சைடு விரலில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் விரல் நுனி சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுக்கும், அப்புறம் ஊசி குத்துவதுபோல் எரியும். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் கெமிக்கல் ஸ்டோருக்கு நான் வந்த புதிதில் எங்கள் ஆட்கள் எல்லோர் கையும் அப்படித்தான் இருந்தது. 50 கிலோ கேனை முழங்காலில் சாய்த்துப் பக்கெட்டில் ஊற்றுவார்கள். உள்ளே காற்று போக வழியில்லாமல் குளுக் குளுக்கென்று துள்ளித் தெறிக்கும். அதற்குத்தான் பம்ப் தேட ஆரம்பித்தோம். இதுவரை நாலு வகை பார்த்தாகிவிட்டது.

முதலில் வாங்கியது, மண்ணெண்ணெய் ஊற்ற வீடுகளில் வைத்திருந்த சிவப்பு உருண்டை பம்ப். சில நூறு ரூபாய்தான். வெட்டிங் ஆயில் (துணியில் தண்ணீர் சீக்கிரம் ஊற உதவுவது), சோப்பு இதற்கெல்லாம் தாராளமாகப் போதும். அசிட்டிக் ஆசிட்டில் போட்டோம். ஒரு மாதத்தில் உருண்டை வெடித்தது. காசுக்கு ஏற்ற வேலை செய்தது, குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது வார்ப்பிரும்பில் செய்த, கைப்பிடியைச் சுற்றும் ரோட்டரி பம்ப். மெஷின் ஆயில் பேரலுக்காக வாங்கியது. இன்றும் அந்தப் பேரலில் அசையாமல் நிற்கிறது. அதை ஒரு நாள் நைட் ஷிஃப்ட்டில் யாரோ கழற்றிப் பெராக்சைடு கேனில் வைத்துவிட்டார்கள். விடியக்காலை பையன் ஓடி வந்தான்: "அண்ணா, கேன் உப்பீருச்சுங்க." தொட்டால் சுடுகிறது. இரும்பு, செம்பு, பித்தளை எது பட்டாலும் பெராக்சைடு உடைந்து ஆக்சிஜனும் சூடும் கிளம்பும் என்று படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். ஆட்களை விலக்கி, தள்ளி நின்றே ஓஸில் தண்ணீரடித்துக் குளிரவைத்தோம். மூடியில் காற்றுத் துளை இருந்ததால் தப்பித்தோம். அந்த ஆயில் பம்ப்புக்கு இப்போது சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறேன்.

மூன்றாவது, பிபி (பாலிப்ரொப்பிலீன்) பிளாஸ்டிக்கில் வரும் கை பம்ப். இதுதான் எங்கள் ஸ்டோரின் உழைப்பாளி. ஆனால் இதில் நான் முட்டாளானது ஓ-ரிங் விஷயத்தில், அதாவது கசியாமல் அடைக்கும் வளையத்தில். விலை கூடினால் எல்லாவற்றையும் தாங்கும் என்று நினைத்து, எல்லா பம்ப்புக்கும் 'விட்டான்' என்ற ரப்பரில் செய்த ரிங் போடச் சொன்னேன். பெராக்சைடு பம்ப் ஜம்மென்று ஓடியது. அசிட்டிக் பம்ப்பில் ரிங் ஊறிப் பருத்து, கைப்பிடியைத் தூக்கவே முடியவில்லை. காஸ்டிக் லை (காஸ்டிக் சோடாக் கரைசல்) பம்ப்பைப் பிரித்தால் ரிங் விறைத்து விரிசல் விட்டிருந்தது. அந்த இரண்டுக்கும் அதைவிட மலிவான ஈபிடிஎம் ரப்பர்தான் சரி. டெஃப்லான் எல்லாவற்றுக்கும் தாங்கும், ஆனால் ரப்பர்போல் மீளாது. திருகு கொஞ்சம் தளர்ந்தாலும் கசியும். கடையில் பம்ப்பின் நிறத்தையும் நீளத்தையும்தான் காட்டுவார்கள். உள்ளே என்ன ரிங் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

இப்போது ஒரு கெமிக்கலுக்கு ஒரு பம்ப். கைப்பிடியில் கலர் டேப். கழுவிவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது.

நாலாவது, 200 லிட்டர் பேரலில் இறக்கும் மோட்டார் பம்ப். வேகம் அபாரம். ஆனால் பேரல் காலியானதைக் கவனிக்காமல் வெறுமனே ஓடவிட்டதில் கசிவைத் தடுக்கும் சீல் ஒன்று கருகியது. காஸ்டிக் லைக்குப் போட்டால் மோட்டார் திணறும். தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம் அல்லவா? பிரிண்டிங் பிரிவில் எம்டிஓ (மினரல் டர்பன்டைன் ஆயில்) எடுக்க இதைக் கேட்டார்கள். தரவே இல்லை. தீப்பிடிக்கும் சரக்குக்குப் பொறி வெளியே வராத மோட்டார், எஸ்எஸ் (ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்) குழாய், பேரலுக்கும் வாளிக்கும் எர்த் கிளிப் எல்லாம் வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் ஓடும்போது ஏறுகிற நிலைமின்சாரமே போதும், பற்றிக்கொள்ள.

அளவு விஷயத்தில் ஃப்ளோ மீட்டர் வாங்கலாமா என்று யோசித்துவிட்டு, பக்கெட்டைத் தராசில் வைப்பதோடு நிறுத்திக்கொண்டோம். 50 சதவீதப் பெராக்சைடு லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோ. 3,000 லிட்டர் பாத்துக்கு (துணி ஊறும் மெஷின் தண்ணீருக்கு) லிட்டருக்கு 3 கிராம் என்றால் 9 கிலோ. அதாவது ஏழரை லிட்டர். மக்கில் 9 லிட்டர் அளந்து ஊற்றினால் கிட்டத்தட்ட 1.8 கிலோ கூடுதல். அது துணியில் மிச்சம் நின்றால் ரியாக்டிவ் சாயம் திட்டுத் திட்டாகும். திட்டு விழுந்தால் டையிங் மாஸ்டர் முதலில் வந்து நிற்பது என் வாசலில்தான்.

சாம்பிள் எடுப்பதைப் பற்றி ஆரம்பத்தில் நான் யோசித்ததே இல்லை. மூடியைத் திறந்து மேலாக ஒரு கப் மொண்டு லேபுக்கு அனுப்புவேன். ஒரே பேரலின் ஆக்ஸிலரி (சாயத்தோடு சேர்க்கும் துணைக் கெமிக்கல்) காலையில் ஒரு ரிசல்ட், மாலையில் இன்னொன்று. கனமானது அடியில் தங்கியிருந்தது. இப்போது ஒரு மீட்டர் பிபி குழாய். மேல் வாயைத் திறந்தபடி மெதுவாக இறக்க வேண்டும், குழாய்க்குள் மட்டமும் வெளி மட்டமும் சேர்ந்தே ஏறும்படி. அடி தொட்டதும் கிளவுஸ் போட்ட கட்டைவிரலால் மேல் வாயை அடைத்துத் தூக்கினால் மேலிருந்து கீழ்வரை முழு நெடுக்கும் வந்துவிடும். அவசரமாக இறக்கினால் அடிச் சரக்கே அதிகம் ஏறும். கண்ணாடிக் குழாயில் பார்க்கத் தெளிவாக இருக்கும். எங்களிடம் இரண்டு உடைந்தன, மூன்றாவது வாங்கவில்லை. பெராக்சைடில் எடுத்த மிச்சத்தைத் திரும்பக் கேனில் ஊற்றுவதில்லை. ஒரு சொட்டு அழுக்கு போதும்.

2011 ஜனவரியில் கழிவுநீர் வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவால் ஊரே நின்றதைப் பார்த்தவர்களுக்குக் கழிவுநீர் சாம்பிளின் அருமை தெரியும். அதற்கு நீளக் கைப்பிடி வைத்த பிபி ஜக் போதும். பைப் லைன் என்றால் குழாயைத் திறந்து, தேங்கியதைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். பிஎச் அங்கேயே பார்த்துவிடுவோம்.

இன்னும் தீராதது, துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னர். தயிர்போல் கெட்டியாக இருக்கும் அதை எங்கள் எந்த பம்ப்பும் இழுக்கவில்லை. ஸ்க்ரூ வகை பம்ப் இழுக்கும் என்று விலை விசாரித்து முதலாளியிடம் காட்டினேன். ஒரு முறை காகிதத்தைப் பார்த்தார், ஒரு முறை என்னை. "மக்கு இருக்குதில்லப்பா?" என்றார். மக்கில்தான் மொள்கிறோம்.