வாளையார் டயர் கடை: கேரவன் ட்ரெய்லருக்கு நாலு டயரும் மாத்தியாச்சு

எங்க கேரவன் ட்ரெய்லர் லோடோட மூணரை டன் வரும், போன மாசம் கஞ்சிக்கோடு தாண்டி ஒரு டயர் வெடிச்சு மட்கார்டையே கிழிச்சிருச்சு, பட்டன் (ரோட்டுல படுற மேல்பகுதி) நல்லாத்தான் இருந்துச்சு ஆனா சைடுவால்ல (டயரோட பக்கவாட்டுல) நகம் போற அளவுக்கு வெடிப்பு. வாளையார்ல இந்தக் கடை அண்ணன் டார்ச் அடிச்சு டயர்ல எப்ப செஞ்சதுன்னு பதிச்சிருக்குற டாட் நம்பரைக் காட்டுனாரு, 2317, அதாவது 2017ல 23வது வாரம் செஞ்சது! நின்ன இடத்துலயே வெயில்ல காஞ்சு போயிருக்கு. சாதா கார் டயர் வேணவே வேணாம்னுட்டு லோடு இன்டெக்ஸ் (எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற நம்பர்) 121 எடுத்துக் குடுத்தாரு, ஒண்ணு 1450 கிலோ தாங்கும், நாலும் சேந்து 5800. வால்வும் புதுசு. விலை கோயம்புத்தூரை விடக் கொஞ்சம் கூடதான், ஆனா தேதி பாத்து எடுத்துத் தர்றாருங்க. காத்து மட்டும் காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடியே செக் பண்ணிருங்க, குறைஞ்சா சூடேறிரும்.