கறிவேப்பிலை மஞ்சளானால்: எப்சம் உப்பா, அன்னபேதியா, புளித்த மோரா?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் எங்கள் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், இருக்கிற கறிவேப்பிலைக்கு மஞ்சள் காமாலை வந்துவிடும். நாலு வருஷமாக இதே கதைதான். செடி மஞ்சளாகிவிட்டால் பாளையங்கோட்டையில் வைத்தியருக்குப் பஞ்சமே கிடையாது.

உரக்கடை அண்ணாச்சி, "மஞ்சளா? எப்சம் உப்பு கால் கிலோ கொண்டு போங்க தம்பி. ஒரே வாரத்துல பச்ச புடிச்சிரும்" என்றார். கீழ் வீட்டு மதினிக்கு அது சரிப்படவில்லை. "சத்து பத்தலங்கேன். மண்புழு உரம் ரெண்டு கை அள்ளிப் போடுங்க." ஆச்சி கட்டிலில் இருந்தபடியே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்: "ஏல, கருவேப்பிலைக்கு மோர ஊத்தணும்ல. இதுகூடத் தெரியாம என்னத்தப் படிச்ச?"

யார் மனதும் நோகக் கூடாது என்று மூன்றையும் ஒரே வாரத்தில் செய்தேன். செடி இன்னும் வெளுத்தது. அதைவிட மோசம், எது கெடுத்தது எது உதவியது என்றே தெரியாமல் போனது. அடுத்த வருஷம் ஆறு பைகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம் மட்டும் என்று பிரித்துக்கொண்டேன். எல்லாப் பையிலும் ஒரே கலவை: செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் சம பங்கு, மேலே ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. ரசாயன உரம் எதுவும் இல்லை.

மருந்துக்குப் போகும் முன் ஒரு கேள்வி. மஞ்சள் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா? பாதி நோய் இதிலேயே பிடிபட்டுவிடும். தழைச்சத்து (நைட்ரஜன்), மக்னீசியம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) இவையெல்லாம் செடிக்குள் நடமாடக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலை முதலில் வெளுக்கும். இரும்பு அப்படியில்லை, ஓர் இலையில் சேர்ந்துவிட்டால் அங்கேயே குந்திவிடும். புதுக் குருத்துக்கு வேரிலிருந்து புதிதாக வந்தாக வேண்டும். வராவிட்டால் கொழுந்து மஞ்சள், அடி இலை கரும்பச்சை. கறிவேப்பிலையில் தட்டட்டிக்காரர்கள் பார்த்துப் பதறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். ஆனால் கடையில் கைக்கு வருவது முதல் வகைக்கான மருந்து.

முதல் வகைக்குள்ளேயும் ஒரு பிரிவு உண்டு. இலை முழுக்க, நரம்பும் சேர்ந்து, ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்து. நரம்பு பச்சையாக நின்று இடைப்பட்ட சதை மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். ஓரம் மட்டும் தீய்ந்தாற்போல் பழுப்பானால் சாம்பல்சத்து, இல்லையென்றால் உப்புத் தண்ணீர்.

மதினி சொன்ன மண்புழு உரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உரம் நல்லதுதான். ஆனால் அதில் தழைச்சத்து நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுமாருக்குத்தான் இருக்கும். கடலைப் புண்ணாக்கில் ஏழு, வேப்பம் புண்ணாக்கில் ஐந்து. அவையும் மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்கள் தின்று செரித்த பிறகுதான் வேருக்குக் கிடைக்கும். இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். இன்று போட்டு நாளைக்குப் போய்ப் பார்க்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. சரியாக மக்காத நார்க்கழிவில் கார்பன் நூறு பங்குக்கு மேல் இருந்தால் தழைச்சத்து ஒரு பங்குதான் இருக்கும். அதை மக்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் கிடக்கிற தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். புதிதாகக் கலவை போட்டு ஒரு மாதத்தில் அடி இலை வெளுத்தால் நான் முதலில் சந்தேகப்படுவது நார்க்கழிவைத்தான். கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறப்போட்டு, நீர்க்கக் கரைத்து ஊற்றினேன். அந்தப் பையில் கீழிருந்து ஏறிவந்த மஞ்சள் நின்றது. ஏற்கெனவே வெளுத்த இலை திரும்பப் பச்சையாகவில்லை. ஆகாது. அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அடுத்தது எப்சம் உப்பு. இதன் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மக்னீசியம் சல்பேட் என்கிற இந்த உப்பில் பத்தில் ஒரு பங்குதான் மக்னீசியம். மக்னீசியம் குறைந்த செடிக்கு லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து இலையில் தெளித்தால் நன்றாகவே வேலை செய்யும். காய்த்துத் தள்ளுகிற மிளகாய், தக்காளியில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கொழுந்து மஞ்சளுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இரும்பு கேட்கிற செடிக்கு மக்னீசியத்தைக் கொடுப்பது, தாகத்துக்கு முறுக்கு கொடுப்பது மாதிரி. மேலும் மேலும் கொட்டினால் கால்சியமும் சாம்பல்சத்தும் வேருக்குள் போக முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கும். கடையில் இதைத் தூக்கித் தூக்கிக் கொடுப்பதற்குக் காரணம் விலை மலிவு, கெட்டுப்போகாது, செடியை உடனே கொல்லாது. அவ்வளவுதான்.

அன்னபேதி வேறு சரக்கு. நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும், உரக்கடையிலும் கிடைக்கும். பெர்ரஸ் சல்பேட்தான் இது. நல்ல சரக்கு இளம் பச்சை நிறத்தில் கற்கண்டு போலிருக்கும். பழுப்புத் தூள் ஏறியிருந்தால் வாங்காதீர்கள், அது துருவாகிப் போன சரக்கு. லிட்டருக்கு ஐந்து கிராம், அதோடு அரை மூடி எலுமிச்சம்பழச் சாறு. புளிப்பு இல்லாமல் நம் ஊர் போர்த் தண்ணீரில் கரைத்தால் கண் முன்னாலேயே கரைசல் டீத்தண்ணி நிறமாகிவிடும். அப்புறம் அதைத் தெளித்தும் ஒன்றுதான், கீழே கொட்டியும் ஒன்றுதான். சாயங்காலம் வெயில் சாய்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். தரையில் சிந்தினால் துருக்கறை போகவே போகாது. எங்கள் தட்டட்டியில் வெள்ளை ஓட்டின் மேல் ஆறு வட்டம் இன்னும் இருக்கிறது, வீட்டில் வாங்கிய ஏச்சும் அப்படியே இருக்கிறது.

மொத்தச் செடிக்கும் தெளிக்கும் முன்னால் ஒரே ஓர் இலையில் பார்த்துவிடலாம். பஞ்சை அன்னபேதிக் கரைசலில் நனைத்து மஞ்சள் கொழுந்தின் ஒரு பாதியில் மட்டும் ஒற்றினேன். பக்கத்துக் கொழுந்தில் எப்சம் கரைசல். அடையாளத்துக்குச் சிவப்பு நூலும் வெள்ளை நூலும் கட்டினேன். எட்டாம் நாள் சிவப்பு நூல் இலையில், பஞ்சு பட்ட இடத்தில் பச்சை திட்டுத் திட்டாக விழுந்திருந்தது. பஞ்சு படாத பாதி அப்படியே மஞ்சள். வெள்ளை நூல் இலையில் ஒரு மாற்றமும் இல்லை. எந்தக் கடைக்காரர் சொல்வதையும்விட இந்த ஓர் இலையை நான் நம்புவேன்.

ஆனாலும் ஒரு குடைச்சல் விடவில்லை. செம்மண்ணில் போய் இரும்பு இல்லாமலா? திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணல் அப்படிச் சிவந்து கிடப்பதே இரும்புத் துருவால்தானே. என் பையிலும் மூன்றில் ஒரு பங்கு செம்மண். ஆக இரும்பு கிடக்கிறது, செடியால்தான் எடுக்க முடியவில்லை. மண்ணின் காரத்தன்மை ஒரு படி ஏறினால், அதாவது பிஹெச் என்கிற புளிப்பு-கார அளவு ஏழிலிருந்து எட்டானால், கரையக்கூடிய துரு இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பழைய பையிலிருந்து ஒரு கரண்டி மண்ணெடுத்து வினிகரை ஊற்றினேன். சோடா மாதிரி பொசுபொசுவென்று நுரைத்தது. சுண்ணாம்பு! புதுக் கலவையில் அதே வினிகர் சத்தமில்லாமல் இறங்கியது. அப்படியானால் சுண்ணாம்பு நடுவில் வந்து சேர்ந்திருக்கிறது. எங்கிருந்து?

பாதியை நானே போட்டிருக்கிறேன். முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் இரண்டும் இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் எல்லோரும் பரிந்துரைப்பவை. ஓடு முழுக்கச் சுண்ணாம்பு, சாம்பல் முழுக்கக் காரம். புளிப்பு மண்ணுக்கு இவை மருந்து. நம் ஊர்த் தட்டட்டிப் பைக்கு இவையே நோய். மீதிப் பாதி குழாய் வழியாக வந்தது.

ஆறு பையில் இரண்டை இதற்கென்றே ஒதுக்கியிருந்தேன். மருந்து கிடையாது, உரம் கிடையாது. ஒன்றுக்குப் போர்த் தண்ணீர், மற்றதற்குத் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர். கரைந்த உப்பை அளக்க இரவல் வாங்கிய மீட்டரில் போர் 1,400க்கு மேல் காட்டியது, ஆற்றுத் தண்ணீர் 150ஐக்கூடத் தொடவில்லை. பொதிகையிலிருந்து பாறை மேல் வழிந்து வருகிற தண்ணீர் அது, அதில் சுண்ணாம்பு ஏது? போர்த் தண்ணீரில் இருக்கிற பைகார்பனேட் என்கிற கார உப்போ ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காரமாக்கிக்கொண்டே போகிறது. இரண்டாம் மாதம் போர்ப் பையின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. மூன்றாம் மாதம் கொழுந்து வெளுத்தது. ஆற்றுத் தண்ணீர்ப் பையில் எதுவுமே போடவில்லை, இலை கரும்பச்சை. அதுவரை நான் யோசிக்காத ஒன்று அப்போதுதான் உறைத்தது. ஐப்பசி கார்த்திகை மழையில் எங்கள் செடிகள் தாமாகவே பச்சை பிடிக்கும். மழை நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். சேர்ந்திருந்த உப்பை மழை கழுவிக்கொண்டு போகிறது என்பதுதான் விஷயம்.

ஆகவே அன்னபேதி காய்ச்சலுக்கு மாத்திரை. தண்ணீரை மாற்றாதவரை மாதா மாதம் போட வேண்டியதுதான். அதைத் தெளிக்காமல் மண்ணில் போட்டால் கார மண்ணில் இரண்டொரு நாளில் துருவாகி உறங்கிவிடும். மண்ணிலேயே போட வேண்டுமென்றால் கொடுக்கு போட்ட இரும்பு, அதாவது இரும்பைத் துருவாக விடாமல் பிடித்துவைத்திருக்கும் சீலேட், வாங்கலாம். அதிலும் இடிடிஏ வகை காரம் ஏறிய மண்ணில் தாங்காது, இடிடிஹெச்ஏ வகைதான் தாங்கும். அது விலை கூடுதல். நாலு பை வைத்திருக்கிறவருக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

இப்போது ஆச்சியின் மோர். சிரித்தவன் நான்தான், அதனால் ஒப்புக்கொள்ள வேண்டியவனும் நான்தான். மூன்று நாள் புளித்த மோரை ஒன்றுக்கு ஐந்து தண்ணீர் சேர்த்து, பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வேரில் ஊற்றிய பையில் கொழுந்து தெளிந்தது. அன்னபேதி போல எட்டு நாளில் இல்லை, ஒன்றரை மாதம் ஆனது. மோரின் புளிப்பு வேரைச் சுற்றிக் கொஞ்ச இடத்தில் காரத்தை முறிக்கிறது, அங்கே உறங்குகிற இரும்பு எழுகிறது. பழைய இரும்பு ஆணி இரண்டை மோரிலேயே ஊறப்போட்டால் கொஞ்சம் இரும்பும் கரைந்து சேரும். ஆணியை நேராக மண்ணில் குத்திவைப்பவர்கள் இருக்கிறார்கள், அது வெறும் ஆறுதல். வெயில் காலத்தில் மோர் ஊற்றிய மண்ணை எறும்பும் ஈயும் மொய்க்கும், வாடையும் அடிக்கும். சமையலறைக்குப் பக்கத்தில் பை வைத்திருக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

தார்சாவில், அதாவது வீட்டுத் தாழ்வாரத்தில், நிழலுக்குள் வைத்திருக்கும் செடி மஞ்சளானால் இந்தப் பேச்சே வேண்டாம். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். நார்க்கழிவு மேலே காய்ந்து கீழே சொதசொதவென்று கிடக்கும், சாக்கடை நாற்றமும் வந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. சத்து போட்டால் இன்னும் சாகும். தண்ணீரை நிறுத்தி வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள்.

மிளகாயில் இலை ஊசி குத்தினாற்போல் புள்ளிப் புள்ளியாக வெளுத்தால் வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள், தாளில் விழுந்த புள்ளி நகர்ந்தால் அது சத்துக்குறை இல்லை, சிலந்திப் பேன். வேப்பெண்ணெய் ஐந்து மில்லி, சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர்.

ஆற்றுத் தண்ணீர் நல்லதென்று எழுதிவிட்டேன். ஆனால் எங்கள் தெருவுக்கு அது ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது. குடிக்கவும் சமைக்கவும் போக மிஞ்சினால்தான் செடிக்கு. குடிதண்ணீர்ச் சுத்திகரிப்பான் கழிக்கிற தண்ணீரைச் செடிக்குத் திருப்பிவிட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம், போர்த் தண்ணீரின் உப்பெல்லாம் திரண்டு வருவதுதான் அது. கடைசியில் கை கொடுத்தது ஏசி. அதன் குழாயில் சொட்டுவது காற்றின் ஈரம், உப்பே இல்லாத தண்ணீர். ஒரு இரவுக்கு அரை வாளி சேர்கிறது. ஆறு பைக்கு அது போதும். மோரை மட்டும் நிறுத்தவில்லை.

முன்பெல்லாம் கரண்ட் பில்லைச் சொல்லி ஏசியை அணைக்கச் சொன்ன ஆச்சி, நேற்று ராத்திரி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏல, ஃபேனப் போட்டுட்டுக் கெடக்க? காலையில செடிக்குத் தண்ணிக்கு எங்க போவ?"