பாதியில் முறிந்த விண்டோஸ் நிறுவல்: எந்த வழியில் மீள்வது?

விண்டோஸை மறுபடி நிறுவும்போது வேலை பாதியில் முறிந்து, லேப்டாப் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டதா? உங்கள் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. மீட்புத் திரையில் கிடைக்கும் ஸ்டார்ட்அப் ரிப்பேர், அதே திரையில் உள்ள ரீசெட், லேப்டாப் நிறுவனம் தந்த ஃபேக்டரி மீட்பு, பென்டிரைவிலிருந்து புதிதாக நிறுவுவது, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே இயக்குவது. பெரும்பாலோர் இவற்றில் எது சீக்கிரம் முடியும் என்றுதான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, எந்த வழி டிஸ்கில் கைவைக்கிறது என்பதை. விண்டோஸை எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பாதி எழுதிய ஆய்வேட்டையும் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களையும் அப்படி மறுபடி போட்டுக்கொள்ள முடியாது.

பழைய ஹார்டு டிஸ்கில் குவிக் பார்மட் அடித்த பிறகும் கோப்புகள் உள்ளே தங்கியிருக்கும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களால் ஓரளவு தோண்டி எடுக்கலாம். சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்கான எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கை வேண்டாம். பார்மட் ஆனதும் விண்டோஸ் அதற்கு டிரிம் என்ற கட்டளையை அனுப்புகிறது. எந்த இடங்கள் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டி அதிலிருந்து தெரிந்துகொண்டு அவற்றைத் துடைத்துவிடுகிறது. அதன்பின் மீட்பு மென்பொருள் எதுவும் பெரிதாக உதவாது.

ஸ்டார்ட்அப் ரிப்பேர் பயனர் கோப்புகளைத் தொடுவதில்லை. அடுத்தடுத்து இரண்டு முறை விண்டோஸ் எழத் தவறினால் மீட்புத் திரை தானாகவே வரும். விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் கோப்புகள் மட்டும் கெட்டிருந்தால் பலன் உண்டு. ஒருமுறை முயன்று பாருங்கள். சரிசெய்ய முடியவில்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

ரீசெட்டில் ‘என் கோப்புகளை வைத்துக்கொள்’ என்ற தேர்வு இருக்கிறது. நன்றாக ஓடும் விண்டோஸில் அது நல்ல வசதி: பயனர் கோப்புறைகள் தங்கும், நிறுவிய செயலிகள் மட்டும் போய்விடும். ஆனால் நிறுவல் பாதியில் முறிந்த கணினியில் ரீசெட்டுக்குத் தேவையான பழைய விண்டோஸே அரைகுறையாகக் கிடக்கிறது. எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்ற செய்தியோடு அது பெரும்பாலும் பின்வாங்கிவிடும். 2020-இல் வந்த கிளவுட் டவுன்லோடு தேர்வு புதிய கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் மேல். சுமார் 4 ஜிபி தரவு செலவாகும். எதைத் தேர்ந்தாலும், வேறு நகல் இல்லாத கோப்புகளை ஒரு பொத்தானின் வாக்குறுதியை நம்பி விட எனக்கு மனம் வராது.

ஃபேக்டரி மீட்பைத் தொடங்கும் விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: எச்பியில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டும் எஃப்10-உம், லெனோவோவின் பல மாடல்களில் நோவோ என்ற சிறு பொத்தான். வைஃபை, ஒலி போன்ற பாகங்களை இயக்கும் டிரைவர்கள் எல்லாம் சரியாக வந்து சேரும் என்பது இதன் பலம். கூடவே வாங்கிய நாளில் இருந்த பழைய பதிப்பும், வேண்டாத சோதனை மென்பொருள்களும் திரும்பி வரும். சி டிரைவில் இருந்தது பொதுவாகப் போய்விடும். நிறுவும்போது எல்லா பார்ட்டிஷன்களையும் (டிஸ்கின் பகுதிகளை) அழித்திருந்தால் டிஸ்கில் இருந்த மீட்புப் பகுதியும் போயிருக்கும். இழக்க ஒன்றுமில்லாதவருக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

லினக்ஸ் வழியைத்தான் முதலில் செய்யச் சொல்கிறேன். லினக்ஸ் வகைகளான உபுண்டுவையோ மின்ட்டையோ 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து, நிறுவாமல் ‘முயன்று பார்’ என்ற தேர்வில் நுழைந்தால் போதும். டிஸ்கில் எதையும் நிறுவாமல் முழு டெஸ்க்டாப்பும் கண்முன் வரும். டிஸ்கைத் திறந்து கோப்புகளை வெளி டிஸ்குக்கு நகலெடுக்கலாம். விண்டோஸ் முழுதாக மூடப்படாமல் இருந்தால் டிஸ்க் படிக்க மட்டுமே, எழுத முடியாதபடி திறக்கக்கூடும். மீட்பு வேலைக்கு அதுவே நல்லது. இன்னொரு கணினி இல்லாதவர்களுக்கும் இதில் வழி இருக்கிறது: ஆண்ட்ராய்டு போனில் எட்ச்டிராய்ட் என்ற செயலியும் பென்டிரைவைப் போனில் இணைக்கும் ஓடிஜி கேபிளும் இருந்தால் லினக்ஸ் பென்டிரைவைத் தயாரித்துவிடலாம். விண்டோஸ் நிறுவல் பென்டிரைவுக்கு அந்தச் செயலி உதவாது.

குறுக்கே நிற்கக்கூடியது டிஸ்கையே பூட்டிவைக்கும் விண்டோஸின் வசதியான பிட்லாக்கர். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய பல லேப்டாப்களில், உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் குறியாக்கம் ஆகியிருக்கும். 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் எந்த வழியாலும் உள்ளே நுழைய முடியாது. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். போனிலிருந்து உள்நுழைந்து எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணைக் கொடுத்தால் இன்றைய லினக்ஸ்களும் டிஸ்கைத் திறக்கின்றன. வேறு எதையும் தொடுவதற்கு முன் இந்த எண்ணைத் தேடுங்கள்.

கோப்புகள் வெளியே வந்துவிட்டால், ஐந்தில் எனக்குப் பிடித்தது பென்டிரைவிலிருந்து புதிதாக நிறுவுவதுதான். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல், விண்டோஸ் ஓடும் இன்னொரு கணினியில் அதைத் தயாரித்துத் தரும். லினக்ஸ் பழக்கமில்லாதவர்கள் இதே பென்டிரைவில் கோப்புகளையும் மீட்கலாம்: நிறுவல் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும், அதில் நோட்பேடை இயக்கி, கோப்பு திறக்கும் பெட்டியில் எல்லா வகைக் கோப்புகளையும் காட்டச் சொல்லி, அங்கிருந்தே காப்பி செய்து வெளி டிஸ்கில் ஒட்டலாம். அழகான முறை இல்லை, ஆனால் வேலை நடக்கும். பார்மட் அடிக்காமல் அதே பார்ட்டிஷனில் நிறுவினால், பழைய விண்டோஸும் பயனர் கோப்புறைகளும் விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறைக்குள் நகர்த்தப்படும். சில நாள்களில் அது தானாக அழியக்கூடும் என்பதால் உடனே பார்த்து எடுத்துவிடுங்கள்.

நிறுவல் திரையில் டிஸ்கே தெரியவில்லை என்றால் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இன்டெலின் 11-ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் டிஸ்கை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு இயக்கத்தில் இருக்கிறது. அதற்கான டிரைவர் நிறுவல் பென்டிரைவில் இல்லாமல் போகலாம். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, பென்டிரைவில் வைத்து, ‘லோடு டிரைவர்’ வழியாகக் காட்டினால் டிஸ்க் தெரிந்துவிடும்.  இன்னொன்று: நம் ஊரில் பலர் முக்கியமானவற்றை டி டிரைவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பெரும்பாலும் சியும் டியும் ஒரே டிஸ்கின் இரண்டு பகுதிகள். சியை மட்டும் பார்மட் அடித்தால் டி தப்பிக்கும். எல்லாப் பகுதிகளையும் அழித்தால் இரண்டும் போகும்.

உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். விண்டோஸ் 8 முதல், விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்களின் உள்ளேயே உரிம எண் பதிக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸின் ஹோம் பதிப்பு இருந்த இடத்தில் ஹோமையே நிறுவி இணையத்தில் இணைத்தால் போதும். கடைக்காரர் போட்டுத் தரும் திருட்டு ஆக்டிவேட்டர் தேவையே இல்லை.

கடைக்குத்தான் கொண்டுபோகிறீர்கள் என்றால், கோப்புகளை வெளியே எடுத்துக் காட்டிய பிறகே பார்மட் என்று முன்கூட்டியே சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். டிஸ்க் படிக்கும்போது திணறினாலோ, ஹார்டு டிஸ்கில் டக் டக் என்று சத்தம் கேட்டாலோ, மேலே சொன்ன ஐந்தில் எதையும் முயலாமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தரவு மீட்பை மட்டுமே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுங்கள்.